டயலில் கை வைக்கும் முன்

பழைய கடிகாரத்தில் எந்திரம் பழுதானால் யாரும் தயங்குவதில்லை. ஸ்பிரிங் அறுந்தால் வேறு போடலாம், பல் தேய்ந்தால் சக்கரத்தை மாற்றலாம். டயல் என்று வந்தால்தான் யோசனை. எந்திரத்தை யார் பார்த்தார்கள்? மூன்று தலைமுறை அண்ணாந்து பார்த்தது டயலைத்தான்.

ஏலாக்குறிச்சியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குவது அன்சோனியா. அமெரிக்கக் கம்பெனி, புரூக்ளினில் தொழிற்சாலை. 1929 வாக்கில் தன் எந்திரங்களைச் சோவியத் ரஷ்யாவுக்கு விற்றுவிட்டு அந்தக் கம்பெனி கடையைக் கட்டியது. ஆகவே கடிகாரம் அதற்கு முந்தியது. அதன் டயல் துத்தநாகத் தகட்டில் ஒட்டிய காகிதம். முற்றத்து வெயில் படும் பக்கம் ஏழும் எட்டும் மறைந்தேவிட்டன.

“புதுசா அச்சடிச்சு ஒட்டிடலாம் சார், பளிச்சுன்னு இருக்கும்” என்றார் பழுதுபார்ப்பவர். அண்ணனுக்குச் சம்மதம். அம்மாவுக்கு இல்லை. “எண்ணு எதுக்குடா? முள்ளு நிக்கிற எடம் தெரிஞ்சாப் போதாதா?”

டயல்கள் எல்லாம் ஒரு ஜாதி இல்லை. வெள்ளிப்பூச்சு ஏற்றிய பித்தளை டயல் கறுத்தால், வெள்ளிக் குளோரைடையும் உப்பையும் ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்தால் மறுபடி வெள்ளி படியும். செதுக்கிய எண்களில் கறுப்பு மெழுகு நிரப்பியிருப்பார்கள். அதையும் திரும்ப நிரப்பலாம். புதுப்பிப்பதற்கென்றே செய்த முகம் அது. எனாமல் டயல் நேர்மாறு. செம்புத் தகட்டில் கண்ணாடித் தூளை உருக்கிப் படியவைத்தது. மயிரிழை விரிசல் விழுந்தால் அழுக்கை எடுக்கலாம், விரிசலை எடுக்க முடியாது. இருட்டில் மின்னிய ரேடியம் டயலைச் சுரண்டவே கூடாது. மின்னும் துத்தநாகக் கலவைதான் சில பத்தாண்டுகளில் ஓய்ந்துபோகும். ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் வேண்டும். தூரிகையை உதட்டில் கூராக்கி அந்த டயல்களுக்கு எண் எழுதிய அமெரிக்கப் பெண்கள் பலர், 1920-களில் தாடை எலும்பு அழுகிச் செத்தார்கள். காகித டயலுக்கோ ஈரம் எமன்.

பழசு என்றாலே தொடாதே என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அதற்குக் காரணம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. இங்கே அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பி, திருக்காவலூர்க் கலம்பகம் பாடிய வீரமாமுனிவர் தமிழ் எழுத்தின் முகத்திலேயே கை வைத்தவர். அதுவரை ஏட்டில் எகர, ஒகரக் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்பு; குறில் என்று காட்ட மேலே ஒரு புள்ளி வேண்டும். ஓலை கிழியும் என்று எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிடுவார்கள். படிக்கிறவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். முனிவர் நெடிலின் கொம்பை மேலே சுழித்துவிட்டார். மூலம் போயிற்றே என்று இன்று யார் வருந்துகிறோம்?

மறுபக்கமும் உண்டு. திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சு அடித்துக் கோயில் சுவர்களைப் பளிச்சிட வைத்தார்கள். கல்வெட்டு எழுத்துகள் மழுங்கின. கோபுரத்துக்குக் கும்பாபிஷேகந்தோறும் வண்ணம் அடிப்பதை நான் குறை சொல்லவில்லை, சுதைக்கு அது வேண்டும். கல்லில் வெட்டியவன் மட்டும் இன்னொரு முறை வந்து வெட்ட மாட்டான்.

ஆக, படிக்க விடாமல் தடுப்பதைச் சரிசெய்வது ஒரு வேலை. வயது தெரிவதைச் சரிசெய்வது வேறு வேலை. இரண்டுக்கும் கூலி ஒன்றே என்பதால் நாம் குழம்புகிறோம். வயதை மறைக்கச் சொன்ன அண்ணனை மறுப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. அண்ணன் பேத்திதான் சிக்கலாக்கினாள். இப்போதுதான் மணி பார்க்கக் கற்கிறாள். அம்மாவின் மனதில் இருக்கும் ஏழு அவளிடம் இல்லை. வெறும் மஞ்சள் காகிதத்தைக் காட்டி ‘முள் நிற்கும் இடத்தைப் பார்’ என்றால் அவள் எங்கே போவாள்?

டயலைப் படமெடுத்து, மறைந்த இரண்டு எண்களையும் நிரப்பி, மெல்லிய தாளில் அச்சடித்தேன். மஞ்சளை அப்படியே விட்டேன். பசையில்லாமல் பழைய டயலின் மேல் வைத்து விளிம்பில் மட்டும் செருகிவிடலாம்; வேண்டாம் என்கிறவர் நாளைக்கு உருவிக்கொள்ளட்டும்.

“ரெண்டு தாள் ஆச்சுன்னா மணி முள்ளு உரசும் சார். முள்ளைக் கொஞ்சம் நிமித்தணும்” என்றார் பழுதுபார்ப்பவர்.

நிமிர்த்தச் சொல்லிவிட்டேன்.