கைநாட்டு

கெலமங்கலம் கடைவீதியில் ஒரு செல்போன் கடை. இரவு ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறவேண்டிய பெண் ஒருத்தி ஸ்மார்ட் வாட்ச் வாங்கினாள். கடைக்காரத் தம்பியே அவள் போனை வாங்கி ஆப் ஏற்றினான். இருப்பிடம், தொடர்பு எண்கள், உடல்நலத் தகவல் என்று திரை ஒவ்வொன்றாகக் கேட்க, அவன் கட்டைவிரல் எல்லாவற்றுக்கும் 'அலவ்' கொடுத்தது. "ரெடிக்கா, கட்டிக்கோங்க."

வட்டிக்காரர் நீட்டிய பத்திரத்தில் எழுத்தறியாத நம் பாட்டன்மார் கைநாட்டு வைத்தார்கள். அங்கே விரலாவது அவர்களுடையது.

பக்கத்து ஓசூரில் 1980களிலிருந்து டைட்டன் ஆலை ஓடுகிறது. அன்று அங்கே செய்த கடிகாரம் நேரம் காட்டும். கட்டியவரைப் பற்றி யாரிடமும் பேசாது. இப்போதையதைப் புரட்டிப் பாருங்கள், அடியில் பச்சை விளக்கு மினுங்கும். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் திரும்பி வரும் ஒளி ஏறி இறங்குவதை வைத்து நாடியைக் கணக்கிடுகிறது. அதோடு தூக்கம், நடை, நாமே பதிந்து வைக்கும் மாதவிலக்குத் தேதி. இவையெல்லாம் போனுக்குப் போய், பெரும்பாலும் அங்கிருந்து நாம் பார்த்திராத ஏதோ ஒரு சர்வருக்குப் போய்ச் சேர்கின்றன. வைத்தியரிடம் கையை நீட்டியபோது, நாடியில் கண்டதை அவர் தெருவில் சொல்லமாட்டார் என்று நம்பித்தான் நீட்டினோம்.

2020இல் சண்டிகர் மாநகராட்சி, தூய்மைப் பணியாளர்கள் கையில் இருப்பிடம் காட்டும் கடிகாரத்தைக் கட்டியது. கழிப்பறைக்குப் போனாலும் யாரோ பார்க்கிறார்களோ என்று பெண்கள் அஞ்சினார்கள், போராடவும் செய்தார்கள். அதைக் கட்டலாமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். வழக்குத் தொடுத்தவர் நம் எல்லைக்கு அப்பால், பெங்களூரில் வாழ்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசுவாமி. மனுப் போட்டபோது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. பிறகு 2023இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்கவேண்டும் என்கிறது அது. நல்ல விதி. ஆனால் அதன் 7ஆம் பிரிவு, வேலை சம்பந்தப்பட்ட காரியங்களுக்கு முதலாளி ஒப்புதல் இல்லாமலே தகவலைக் கையாள வழிவிடுகிறது. ஆலைகள் பெருகும் இந்த வட்டாரத்தில் இது சின்ன விஷயமில்லை.

சட்டம் திறந்து வைத்த கதவு என்பதற்காக நுழைந்துவிட வேண்டுமா? சூப்பர்வைசரும் விடுதி வார்டனும் மகளுக்கு வாட்ச் வாங்கித் தரும் அப்பாவும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. பார்க்க வழியிருந்தும் பார்க்காதிருப்பதைத்தான் நான் மரியாதை என்பேன்.

வாட்ச் கட்டவேண்டாம் என்று சொல்லவில்லை. இன்றிரவு போனில் செட்டிங்ஸைத் திறந்து, அந்த ஆப்புக்கு என்னென்ன அனுமதி போயிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். காலடியை எண்ண உங்கள் தொடர்பு எண்கள் தேவையில்லை.