அறியாமல் இருக்கப் பயிலுதல்

அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் நடத்திவரும் திட்டம் ஒன்றின்கீழ், பட்டப்படிப்பை இன்னும் முடிக்காத மாணவர்கள் கோடை விடுமுறையில் ஏறத்தாழப் பத்து வாரம் உதவித்தொகை பெற்று ஆய்வுக்கூடங்களில் பயில்கின்றனர். பிற துறைகளில் இதனைக் கைத்திறன் பழகுதல் என்று சொல்லிவிடலாம். உளவியல், நரம்பறிவியல் ஆய்வுக்கூடங்களிலோ கையைவிடக் கண்ணே பெருஞ்சிக்கலாகிறது, ஏனெனில் விலங்கின் நடத்தையை நோக்குபவரின் எதிர்பார்ப்பும் அந்நோக்கில் கலந்துவிடுகிறது.

இக்கலப்பின் ஆழத்தை ராபர்ட் ரோசன்தாலும் கெர்மிட் ஃபோடும் 1963இல் வெளியிட்ட ஆய்வு மாணவர்களைக் கொண்டே காட்டிற்று. பன்னிரண்டு மாணவர்களுக்கு ஆளுக்கு ஐந்து எலிகள் கொடுக்கப்பட்டன; பாதிப் பேரிடம் அவை சுற்றுவழிப் புதிரைச் சட்டென்று கற்கும் சூட்டிகையான வழித்தோன்றல்கள் என்றும், மீதிப் பேரிடம் மந்தமானவை என்றும் கூறப்பட்டது. உண்மையில் எல்லாம் ஒரே வகை எலிகள். ஆயினும் சூட்டிகை எனப்பட்டவையே நன்றாகக் கற்றதாகப் பதிவாயிற்று. மாணவர்கள் பொய்யுரைத்தனர் என்று கொள்ள வேண்டியதில்லை. சூட்டிகை என்று நம்பிய எலியை அவர்கள் கனிவோடு கையாண்டதாகவும் தெரிகிறது. அப்படியாயின் நம்பிக்கை கண்ணை மட்டுமன்றி எலியையும் மாற்றியிருக்கக்கூடும்.

காட்சிப் பிழை புலன் முதலியவற்றின் குற்றத்தால் விளைவது என்பது இந்திய மெய்யியல் மரபுகளுள் ஒன்றான நியாயதரிசனத்தின் கொள்கை. இங்கே புலனில் குற்றமில்லை, ஒளியும் குறைவில்லை. முன்னரே பெற்ற செய்திதான் குற்றம். ஆகவே ஆய்வுக்கூடம் கண்ட பரிகாரம் விந்தையானது: செய்தியை மறைத்துவிடுதல். எடுத்துக்காட்டாக, ஓர் ஒலியோடு லேசான மின்னதிர்ச்சியைச் சேர்த்துப் பழக்கிய எலிக்கு மறுநாள் ஒலி மட்டும் கேட்பிக்கப்படுகிறது. மூச்சசைவு தவிர வேறு அசைவின்றி அது உறைந்து நிற்கும் நொடிகளை மாணவர் காணொளியில் பார்த்து ஸ்டாப்வாட்ச்சால் எண்ணுகிறார். எந்த எலிக்கு மருந்து, எதற்கு வெறும் உப்புநீர் செலுத்தப்பட்டது என்பது வேறொருவரிடம் இருக்கும் பட்டியலுக்கே தெரியும். கூடுதலாக அறிவதால் பிழை நீங்கும் என்று கல்லூரியில் கற்றுவந்தவர், குறைவாக அறிவதையே ஒழுக்கமாக மேற்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆனால் இவ்வொழுக்கம் நொடிகளின் கணக்கைத்தான் காக்கிறது. அந்நொடிகள் எதனுடையவை என்னும் வினாவை அது தொடுவதே இல்லை. அமிக்டலா என்னும் மூளைப்பகுதி அச்சத்தின் இருப்பிடம் என்று பாடநூல்கள் சொல்லிவர, அப்பகுதியை நெடுங்காலம் ஆராய்ந்த ஜோசப் லெடூவே 2014இல், அச்சம் என்பதை உணர்ந்து அனுபவிக்கும் நிலைக்கே உரியதாக்க வேண்டும், எலியில் அளக்கப்படுவது அச்சுறுத்தலை எதிர்கொள்ளும் தற்காப்புச் செயலே என்று வாதிட்டார். கோடை முடிவில் மாணவர் காட்சிக்கு வைக்கும் போஸ்டரின் தலைப்பில் ‘அச்ச நினைவு’ என்றும், வரைபடத்தின் அச்சில் ‘உறைந்து நின்ற விழுக்காடு’ என்றும் இருப்பதை இக்கருத்தோடு வைத்துப் பார்த்தால், மருந்துப் பட்டியலை மறைத்ததைப்போல் உறைதலே அச்சம் என்னும் இந்த முன்முடிவை மறைக்க வழியில்லை என்பது விளங்கும். அது ஆய்வுக்கூடத்தில் இருக்கும் அனைவருக்கும் பொதுவானது, பட்டியல் வைத்திருப்பவர் உட்பட.

லெடூவின் கண்டிப்பு முழுமையாக ஏற்கத்தக்கது என்று சொல்வதற்கில்லை. பேசத் தெரியாத குழந்தையின் அச்சத்தையும் அதே கண்டிப்பால் மறுக்க நேரிடும். அதனினும் நெருடலானது அறம் பற்றிய வினா. எலியின் நிலை மனித அச்சத்தை ஒத்தது என்றால்தான் ஆய்வுக்குப் பயனுண்டு. ஒத்ததாயின் அதற்கு மின்னதிர்ச்சி தர உரிமை எங்கிருந்து வந்தது? விலங்காய்வுக்கென ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் வகுத்த மாற்றுவழி, எண்ணிக்கைக் குறைப்பு, துன்பத் தணிப்பு ஆகிய மூன்று நெறிகளும் இன்று விலங்கைத் தொடுமுன் மாணவருக்குக் கற்பிக்கப்படுகின்றன. அவற்றுள் மூன்றாவது நெறி, எலி துன்புறும் என்பதை ஏற்றுக்கொண்ட பின்னரே பொருள்படுகிறது; இதனை அனுமதிப் படிவத்தில் ஒப்புக்கொண்ட ஆய்வுக்கூடம், ஆய்வறிக்கையில் மட்டும் எலியின் உணர்வு அறிவியலுக்கு அப்பாற்பட்டது என்று கூறுவது ஏற்புடையதன்று.