தோட்ட மக்களுக்காகப் பேசுவது யார்?

மலேசியாவின் வட சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றி மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் என ஐந்து தோட்டங்கள். அவை கைமாறியபின் வேலை போயிற்று; வேலையை ஒட்டியிருந்த லயத்து வீடும் நிலையற்றதாயிற்று. மாற்று வீடு கேட்டு அம்மக்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடினார்கள். தோட்ட மக்கள் ஆதரவுக் குழு உடன் நின்றது. 2023-இல்தான் மத்திய அரசு வீட்டுத் திட்டத்தை அறிவித்தது.

வீடு கொடுப்பது முதலாளியின் கடமை, அரசின் கடமை. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர் குடியிருப்பின் தரத்தை வகுத்தது. வேலை முடிந்தவர் எங்கே போவது என்பதற்கு அதில் விடை இல்லை. அந்த இடைவெளியில்தான் அரசு சாரா அமைப்புகள் வந்து நிற்கின்றன. வீட்டில் மட்டுமல்ல, கல்வியிலும் இப்படித்தான்: களும்பாங்கில் மைஸ்கில்ஸ் அறவாரியம் பள்ளியை விட்டு விலகிய இளையோருக்குத் தொழில் கற்றுத் தருகிறது. பிறர் செய்யத் தவறியதைத் தொண்டர்கள் செய்தால் தவறியவர் தப்பித்துக்கொள்வார் என்ற வாதம் பொய்யல்ல. ஆனாலும் பதினாறு வயதுப் பிள்ளையை அமைச்சு விழிக்கும்வரை காத்திருக்கச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. கற்றுக்கொடுக்கவும் வேண்டும், கேள்வி கேட்கவும் வேண்டும். (தீபாவளிக்கு அரிசி மூட்டை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதில் இரண்டும் இல்லை.)

இதைவிடச் சிக்கலானது பேசும் உரிமை. பட்டணத்திலிருந்து வரும் ஆர்வலருக்குச் சட்டமும் மலாயும் தெரியும். அலுவலகக் கதவுகள் அவருக்குத் திறக்கும். நாளடைவில் மக்கள் பின்வரிசைக்குப் போய்விடுகிறார்கள். நிறுவனம் இழப்பீட்டுத் தொகை தர முன்வந்தால், நோயாளியான முதியவர் பணத்தை வாங்கிக்கொள்ள நினைக்கலாம். அமைப்போ எல்லாருக்கும் வீடு என்ற கோரிக்கையில் நிற்கும். ஒருவர் கையெழுத்திட்டால் மற்றவர் பிடி தளரும் என்பதும் உண்மை. அப்போதும் முடிவு அமைப்பினுடையதாக இருக்கக் கூடாது. வாதாடலாம், விளைவை எடுத்துச் சொல்லலாம். தோற்றால் தெருவில் நிற்கப்போவது அந்தக் குடும்பம்தான்.

ஆகவே, நன்கொடையாளருக்குக் காட்டும் கணக்கை அமைப்புகள் தோட்டத்துக் கூட்டத்திலும் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். பேச்சுவார்த்தை மேசையில் குடியிருப்பாளர் தேர்ந்தெடுத்தவர்களே முதலில் அமர வேண்டும்.