செலவும் கணக்கும்

'செலவு' என்னும் சொல்லை இன்று நாம் பணத்தோடு மட்டுமே சேர்த்துப் பேசுகிறோம். பழந்தமிழிலோ அதற்குப் பயணம் என்பது பொருள். செல்லுதல் செலவு. ஊர்விட்டு ஊர் போவதற்கும் கைப்பொருள் கரைவதற்கும் ஒரே சொல் வழங்கிவரும் நம் மொழி, அதன்வழி ஓர் உண்மையையும் உணர்த்துகிறது. விலையின்றிப் பயணம் இல்லை. அந்த விலையைக் கொடுப்பவர் யார் என்பதே நம்மை உறுத்த வேண்டிய கேள்வி.

நமது பங்கின் இளைஞர் சிலர் அண்மையில் ஒரு தாளோடு நம்மிடம் வந்தனர். மழைக்காலம் ஓய்ந்தபின், முட்டுக்காட்டிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக மாமல்லபுரம் வரை, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவை, கயாக் எனப்படும் ஒடுங்கிய துடுப்புப் படகுகளில் கடக்க விரும்பினர். உரியவர்களிடம் அனுமதி கேட்டிருந்தனர். நம்மிடம் கேட்டது செபமும் ஆசீரும் மட்டுமே. தாளில் புறப்படும் நேரம், நீரேற்ற இறக்கம், குடிநீரின் அளவு, மிதவைச் சட்டை, முதலுதவிப் பெட்டி, தலைக்கு ஆகும் தொகை என யாவும் வரிசையாக எழுதப்பட்டிருந்தன.

அருகிலிருந்த பக்தசபைப் பெரியவர் அதை வாங்கிப் பார்த்தார். "இவ்வளவையும் நீங்களே எழுதிவிட்டால் ஆண்டவருக்கு என்ன வேலை மிச்சம், தம்பி?" என்றார்.

"ஆண்டவர் அறிவைக் கொடுத்ததே எழுதிப் பார்க்கத்தானே, ஐயா?" என்றான் அவர்களுள் ஒருவன்.

இருவரும் சிரித்தனர். ஆனால் கேள்வி சிரிப்போடு போய்விடவில்லை. திட்டமிடுதல் இறைப்பராமரிப்பின் மேல் நம்பிக்கைக் குறைவா? அல்லது திட்டமிடாமைதான் இறைவனைச் சோதிப்பதா?

விவிலியம் இரு தரப்பாருக்கும் இடம் தருவதுபோல் தோன்றும். இன்றோ நாளையோ இன்ன நகருக்குப் போவோம், வாணிகம் செய்வோம், பொருள் ஈட்டுவோம் எனத் திட்டம் பேசுவோரைப் புனித யாக்கோபு தம் திருமுகத்தில் கடிந்துகொள்கிறார். அவர்களது வாழ்வைத் தோன்றி மறையும் புகைக்கு ஒப்பிடுகிறார். லூக்கா நற்செய்தியில் நம் ஆண்டவரோ, கோபுரம் கட்ட எண்ணுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாவா எனக் கேட்கிறார். ஆழ்ந்து நோக்கின் இங்கே முரண்பாடு இல்லை. யாக்கோபு கண்டிப்பது கணக்கை அன்று. இறைவனின் திருவுளத்தை விட்டுவிட்டுப் போடும் கணக்கை, அதில் ஊறிய தற்பெருமையைக் கண்டிக்கிறார். நாளை நம் கையில் இல்லை என அறிந்தவனே நாளைக்காக உண்மையில் கவலையோடு ஆயத்தம் செய்வான். நாளை தன் உடைமை என எண்ணுபவனுக்கு ஆயத்தம் எதற்கு?

இதனைப் புனித தோமா அக்குவினாஸ் இன்னும் தெளிவாக்குகிறார். தலையான நற்பண்புகளுள் ஒன்றாகிய விவேகத்தின் முதன்மையான கூறு முன்னறிதல் என்பது அவர் கருத்து. இலத்தீன் மொழியில் மனிதனின் முன்னறிதலுக்கும் இறைவனின் பராமரிப்புக்கும் சொல் ஒன்றே. அறிவுள்ள படைப்பாகிய மனிதன் இறைப்பராமரிப்பில் பங்குபெறுகிறான் என்றும், அவன் தனக்காக மட்டுமின்றிப் பிறருக்காகவும் முன்னறிந்து செயற்படுவதே அப்பங்கு என்றும் அவர் விளக்குகிறார். 'பிறருக்காகவும்' என்னும் அச்சொல்லை நாம் விரைந்து கடந்துவிடலாகாது. நம் கேள்விக்கான திறவுகோல் அங்கேதான் இருக்கிறது.

வட அமெரிக்காவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் பூர்ச்ச மரப்பட்டைப் படகுகளில் சென்று மறைப்பணியாற்றியவர் புனித ழான் தெ பிரெபெஃப் என்னும் இயேசு சபைக் குரு. 1634ஆம் ஆண்டு அவர் ஹூரான் மக்களோடு மேற்கொண்ட பயணம் முப்பது நாள் நீடித்தது. நீர் பாறைமேல் பாய்ந்து வீழும் இடந்தோறும் கரையிறங்கிப் படகையும் பொருளையும் தோளில் சுமக்க வேண்டும். அவ்வாறு 35 முறை சுமந்ததையும், அதனினும் மிகுதியாகப் படகை நீரில் இழுத்துச் சென்றதையும் அவரே எண்ணி எழுதியுள்ளார். பின்னர், 1637இல், தமக்குப்பின் வரும் குருக்களுக்குச் சில அறிவுரைகளை எழுதினார். படிப்போர் அதில் வீரவுரையை எதிர்பார்த்தால் ஏமாறுவர். படகில் ஏறும்போது அவர்களைக் காக்க வைக்காதீர். அங்கியின் ஓரத்தில் நீரையும் மணலையும் படகுக்குள் கொண்டுவராதீர். தீமூட்டும் கருவியை உடன்வைத்திருந்து அவர்களுக்கு உதவுவீர். அவர்கள் தரும் உணவை அவர்கள் தரும் வண்ணமே உண்பீர். இறுதிவரை துடுப்பிட இயலாதெனில் தொடக்கத்தில் துடுப்பைத் தொடாதீர். சுமக்கும் இடங்களில் சிறிதேனும் சுமப்பீர் என்பன போன்றவையே அவை. 1649இல் மறைசாட்சியாக மாண்ட ஒருவரின் பயணத்திட்டம் இது. தமக்கு எவ்வாறு இடர் வாராதிருக்கும் என்பதைவிட, தம்மைச் சுமந்து செல்வோர்க்குத் தம்மால் எவ்வாறு பாரம் கூடாதிருக்கும் என்பதே அவருடைய கணக்கு.

இனி நம் மயிலைக்குத் திரும்புவோம். லஸ் பிரகாச மாதா ஆலயத்திலிருந்து சற்றே நடந்தால் பக்கிங்காம் கால்வாய். இன்று அதன் மேல் பறக்கும் ரயிலின் தூண்களும் நிலையமும் நிற்கின்றன. கீழே ஓடுவது கழிவுநீர். ஒருகாலத்தில் அது நெல்லும் உப்பும் விறகும் வந்த நீர்வழி. 1806இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய கால்வாய்ப் பணி, படிப்படியாக வடக்கிலும் தெற்கிலும் நீண்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் நம் பகுதிக் கால்வாய் 1877, 1878ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டது. வெட்டியவர் யார்? தாது வருடப் பஞ்சத்தில் கிராமங்களை விட்டு வந்த ஏழை மக்கள். நிவாரணப் பணி என்று அதற்குப் பெயர். அக்காலப் பஞ்சப் பணிகளில், கடும் உழைப்பாளி ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும் சிறிது காசும் போதும் என 1877இன் தொடக்கத்தில் விதிக்கப்பட்டது. உழைக்கும் உடலுக்கு அது போதாதென்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாட வேண்டியிருந்தது. கால்வாய்க்கோ அன்றைய ஆளுநரான பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது. வெட்டியவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

இக்கால்வாயில் நண்பர்களோடு மாமல்லபுரம் சென்ற பாவேந்தர் பாரதிதாசன் அதனைப் பாடினார். பாட்டின் பெயர் 'மாவலிபுரச் செலவு'. இன்பச் செலவாகத் தொடங்கும் அப்பாட்டில், கயிறு கட்டிப் படகை இழுத்தும், கழியூன்றித் தள்ளியும் உழைத்தவரின் துயரைக் கவிஞரின் கண் கண்டுவிடுகிறது. பயணம் செய்பவருக்கு ஒரு செலவு. படகிழுப்பவருக்கு வேறொரு செலவு.

இதை எழுதும் நமக்கே இப்பாடம் தாமதமாகத்தான் விளங்கிற்று. குருப்பட்டம் பெற்ற புதிதில், கடலோரப் பங்கொன்றில் உதவிக் குருவாக இருந்தபோது, மறைக்கல்விச் சிறுவரை ஏற்றிக்கொண்டு கழியைக் கடந்து அக்கரைச் சிற்றாலயத்துக்குப் புறப்பட்டோம். "காத்து மாறுது, சாமி, நாளைக்குப் போகலாம்" என்றார் படகோட்டி. "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்றோம். நடுநீரில் காற்று வலுத்தது. படகு மணல்திட்டில் மோதிச் சாய்ந்தபோது அவர் நீரில் குதித்து, மார்பளவு நீரில் நின்று படகைத் தாங்கி, கரைவரை தள்ளிவந்தார். சிறுவர் ஒருவருக்கும் தீங்கில்லை. மறுநாள் நன்றித் திருப்பலி நிறைவேற்றினோம். மறையுரையில் இறைப்பராமரிப்பைப் பற்றி உருக்கமாகப் பேசினோம். சிப்பியோடு கிழித்த காலுடன் அவர் இரு வாரம் தொழிலுக்குப் போகாமல் கிடந்தார் என்பதை ஒரு மாதம் கழித்தே அறிந்தோம். தேடிச் சென்றபோது அவர் குறை எதுவும் சொல்லவில்லை. "புள்ளைங்க நல்லாருக்காங்களா, சாமி?" என்று கேட்டார். அன்று நாம் இறைவன் மேல் வைத்தது நம்பிக்கை அன்று. நம் அசட்டையின் விலையை ஓர் ஏழையின் உடல்மேல் வைத்துவிட்டு, அதற்கு நம்பிக்கை என்று பெயரிட்டிருந்தோம்.

ஆகவே பெரியவரின் கேள்விக்கு நாம் காணும் விடை இதுவே: திட்டம் தன்னைக் காக்கும் மதிலாக மட்டும் எழுமாயின், அதில் நம்பிக்கைக் குறைவு இருக்கலாம். உடன் வருபவரைக் காக்கும் அன்பாக எழுமாயின், அது இறைப்பராமரிப்புக்கு நாம் கொடுக்கும் கையும் கண்ணும் ஆகும். தன் உயிரைப் பணயம் வைப்பவன் துணிவுள்ளவனாகலாம். பிறர் உயிரைக் கேளாமல் பணயம் வைப்பவன் துணிவுள்ளவன் ஆகான்.

அப்படியாயின் இடர் உள்ள பயணமே கூடாதா? கூடும். புயலில் திசை தப்பிய போர்ச்சுகீசிய மாலுமிகள் ஓர் ஒளியைக் கண்டு கரைசேர்ந்தனர் என்றும், அந்நன்றிக்கடனே லஸ் ஆலயம் என்றும் மரபு கூறும். எவ்வளவு எழுதினாலும் தாளில் அடங்காத ஒன்று உண்டு. அதன் முன் முழந்தாளிடவே வேண்டும். ஆனால் அந்த ஒளி, துடுப்பை எறிந்துவிட்டவர்க்கு அன்று, துடுப்பிட்டுக் கொண்டிருந்தவர்க்கே வழிகாட்டியிருக்கும்.

இளைஞரின் தாளை மீண்டும் வாங்கிப் படித்தோம். அடிவரியில், 'உடன் வரும் மீனவர் படகு: தொகை பிறகு பேசிக்கொள்ளலாம்' என்றிருந்தது. மற்ற யாவற்றுக்கும் எண் இருந்தது. அதற்கு மட்டும் இல்லை. நாம் விரலால் காட்டினோம். சிறிது நேரம் அவர்கள் பேசவில்லை. பிறகு அந்த இளைஞன் அவ்வரியை அடித்துவிட்டு, அவர் கேட்கும் கூலியை முன்னரே தருவதென்றும், பாதியில் திரும்பினாலும் அது குறையாதென்றும், திரும்பச் சொல்லும் உரிமை அவருடையது என்றும் எழுதினான்.

அகத்திணையில் 'செலவழுங்குதல்' என்றொரு துறை உண்டு. பொருள்தேடப் புறப்பட்ட தலைவன், பிரிவால் வாடும் தலைவியைக் கண்டு தன் செலவைத் தவிர்த்து நிற்பான். அது பயணத்தைக் கைவிடுதல் அன்று, அவளைத் தேற்றுவதற்காக நிற்றலே என்பது தொல்காப்பியர் கொள்கை. புறப்படுமுன் அவ்வாறு ஒரு கணம் நின்று, நம் செலவால் யார் வாடுவார் எனப் பார்ப்பதும் செபமே. அதன்பின் பெரியவரும் நாமும் சேர்ந்து அந்த இளைஞர்களுக்கு ஆசி வழங்கினோம்.