வரப்போகிறவனின் கடிதம்

எங்கள் வாலிபர் ஐக்கியத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆலயத்தில் வந்து உட்கார வழியில்லாதவர்கள். புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிப் பக்கத்துக் கிராமத்துச் சபை எங்களுடையது; சின்னச் சபை, லுத்தரன் மரபு. ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்த கையோடு பையன்கள் திருப்பூர், சென்னை என்று கிளம்பிவிடுவார்கள். ஏஜெண்டுக்குக் கட்டப் பணம் புரட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போவார்கள். இங்கே காலை ஒன்பது மணி ஆராதனைக்கு மணி அடிக்கும்போது சிங்கப்பூரில் பதினொன்றரை. ஓவர்டைம் இல்லாத ஞாயிறு என்றால் நாலைந்து பேர் ஒரே போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு எங்களோடு பாடுவார்கள். கத்தாரில் இருப்பவனுக்கு அன்று வேலைநாள். இரவு ரூமுக்கு வந்து குளித்துவிட்டுப் பிரசங்கத்தை மட்டும் கேட்பான். கேட்டதற்கு அடையாளமாக ஓர் ‘ஆமென்’ போடுவான்.

“ஏந்தம்பி, போன்ல கூடுறதெல்லாம் சபையில சேத்தியா?” என்று எங்கள் சபைச் சங்கத்தின் மூத்தவர் ஒருவர் என்னிடம் கேட்டார். குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. கஜா புயலில் ஆலயத்தின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை பிய்த்துக்கொண்டு போனபோது, தன் தோப்பு முழுக்கச் சாய்ந்து கிடந்த நிலையிலும் கூரைக்கு முதல் காணிக்கை வைத்தவர் அவர். சபை என்றால் அவருக்கு ஒரே பாயில் நெருங்கி உட்காரும் ஆட்கள். வாலிபர் போதகனாக இருக்கிற நான் அவருக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த மாவட்டம் அடுத்தடுத்துப் பட்ட இரண்டு அடிகளில் இருந்துதான் அந்தப் பதிலை நான் தேட ஆரம்பித்தேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறியது. கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு என்று தென்னையை நம்பி வாழ்ந்த ஊர்களில் பொழுது விடிந்தபோது தோப்புகள் படுத்துக் கிடந்தன. மின்கம்பங்கள் ஒடிந்தன, செல்போன் டவர்கள் செத்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் பதறிப் பதறி அனுப்பிய செய்திகள் எல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றன. சிக்னல் தேடி பைக்கில் வெகுதூரம் போய் ஓரிடத்தில் நிறுத்தியதும் என் சட்டைப்பையில் போன் விடாமல் அதிர்ந்தது. “அண்ணா, எங்க வீடு ஓட்டு வீடு.” “அண்ணா, அம்மா போன் எடுக்கல.” “அண்ணா, அப்பாவுக்கு மாத்திரை இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.” ஒரு நோட்டில் பெயர்களை எழுதிக்கொண்டு திரும்பினேன். மரத்தை அறுத்து வழி விட்டிருந்த இடம்வரை பைக்கில், அதற்கப்பால் சாய்ந்த மரங்களின் மேல் ஏறி இறங்கி நடை.

ஒரு தாய் சரிந்த மாட்டுக் கொட்டகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மகன் சிங்கப்பூரில். “எம்புள்ளகிட்ட நான் நல்லாருக்கேன்னு சொல்லுங்க தம்பி. மரம் போனதச் சொல்லாதீங்க” என்றார். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். மறுபடி சிக்னல் கிடைத்த இடத்துக்கு வந்து அவனை அழைத்தபோது அவன் கேட்ட இரண்டாவது கேள்வியே மரங்களைப் பற்றியதுதான். போதகன் பொய் சொல்ல முடியாது. மரம் போனதைச் சொன்னேன். சொல்லாதே என்று அம்மா சொன்னதையும் சொன்னேன். அதைக் கேட்டுத்தான் அவன் அழுதான்.

ரோமருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் வரும் பெயர்ப் பட்டியலை அதுவரை நான் வேகமாக வாசித்துவிட்டுப் போகிறவன். கஜாவுக்குப் பிறகு அது எனக்கு வேறு விதமாகத் திறந்தது. பவுல் அதை எழுதியபோது ரோமாபுரிச் சபையை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் அங்கே இருக்கும் ஆட்களைப் பெயர் பெயராக விசாரிக்கிறார். அந்தக் கடிதத்தைச் சுமந்துகொண்டு போனவர் கெங்கிரேயா ஊர்ச் சபையின் ஊழியக்காரி பெபேயாள் என்பது வேத அறிஞர்கள் பெரும்பாலோர் கருத்து. கப்பலிலும் தரைவழியிலும் ஒரு பெண் சுமந்து சென்ற கடிதம். தொடக்க அதிகாரத்திலேயே பவுல், உங்களைக் காண ஏங்குகிறேன் என்ற பொருளில் எழுதிவிடுகிறார். யோவானின் இரண்டாம் நிருபம் ஒரு பக்கம்கூட வராது; அதன் முடிவிலும், எழுத வேண்டியது நிறைய இருந்தாலும் காகிதத்திலும் மையிலும் அதை முடித்துக்கொள்ள மனமில்லை, நேரில் வந்து பேசவே விருப்பம் என்கிறார். புதிய ஏற்பாட்டு நூல்களில் பெரும்பாலானவை, தூரத்தில் இருந்தவர்கள் எழுதி அனுப்பிய கடிதங்கள்தான். அவற்றை எழுதியவர்கள் அதோடு கடமை தீர்ந்ததாக நினைக்கவில்லை. அவற்றில் பலவும் வரப்போகிறவன் எழுதிய கடிதங்கள்.

இந்த மண்ணிலும் இது நடந்திருக்கிறது. லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706இல். தமிழில் புதிய ஏற்பாடு அங்கே அச்சேறியது 1714, 1715 ஆண்டுகளில். தஞ்சாவூர் ராஜ்யத்துக்குள் ஐரோப்பிய மிஷனரிகள் நினைத்தபடி நுழைய முடியாத காலம் அது. ஆள் போக முடியாத இடத்துக்குப் புத்தகம் போனது. தஞ்சைப் படையில் இருந்த ராஜநாயக்கன் கையில் அது கிடைத்தது. வாசித்தவர் சும்மா இருக்க முடியாமல் தரங்கம்பாடிக்காரர்களைத் தேடிப் போய்ச் சேர்ந்தார், பிற்பாடு உபதேசியாராகவே ஆனார். அச்சு இயந்திரம் அன்றைக்கு ஒரு புதிய கருவி. அது ஆளைப் புறப்பட வைத்தது. கையில் இருக்கும் போனைப் பற்றியும் நான் கேட்கும் கேள்வி இது ஒன்றுதான்: இதைப் பார்த்து யாராவது எழுந்து புறப்பட்டார்களா?

புறப்படவே முடியாத ஒரு காலமும் வந்தது. கஜாவில் சிக்னல் இல்லை, ஆனால் கால் நடந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சிக்னல் இருந்தது, கால் கட்டுண்டது. அந்த வருஷம் பெரிய வியாழன் ஏப்ரல் 9. அதற்குச் சில நாள் முன்னதாகவே சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளை அடைக்கத் தொடங்கியிருந்தார்கள். தொற்று அங்கேதான் மிக வேகமாகப் பரவியது. ஒரே அறையில் அடுக்குக் கட்டில்கள், வெளியே போக முடியாது, வேலை இல்லை, சாப்பாடு பொட்டலமாக வரும். கஜாவில் மரம் போன அந்த வீட்டுப் பையனும் அப்படி ஓர் அறையில் இருந்தான். பெரிய வியாழன் மத்தியானம் அழைத்தான். “அண்ணா, ரொட்டி இருக்கு. திராட்சை ஜூஸ் ஒருத்தர்கிட்ட வாங்கிட்டேன். ஐயர் போன்ல ஜெபிச்சா நானும் இராப்போஜனம் எடுக்கலாமா?”

ஐயர் என்று நாங்கள் அழைக்கும் எங்கள் ஆயர் கூடாது என்றார். வேறு சபைகளில் அனுமதித்தார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். நான் இரண்டு பக்கமும் இழுபட்டேன். 1530இல் லுத்தரன்கள் அவுக்ஸ்புர்க்கில் பேரரசர் முன் வைத்த விசுவாச அறிக்கையின் ஏழாம் பிரிவு, சபை என்பது விசுவாசிகளின் கூட்டம் என்றும், அங்கே நற்செய்தி பிழையின்றிப் போதிக்கப்பட்டுச் சாக்கிரமெந்துகள் முறைப்படி கொடுக்கப்பட வேண்டும் என்றும் விளக்குகிறது. போதிப்பது போன் வழியாகப் போய்விடுகிறது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. கொடுப்பது எப்படிப் போகும்? ஒரு கை நீட்டவும் ஒரு கை வாங்கவும் வேண்டியிருக்கிறது. தீர்க்கதரிசிகள் மூலம் சொல்லி அனுப்பிய கடவுள் கடைசியில் தாமே உடலெடுத்து வந்தார் என்பதில்தான் எங்கள் விசுவாசம் நிற்கிறது. உடம்பு தேவையில்லை என்று சொல்லிவிட்டால் கிறிஸ்துமஸும் தேவையில்லை. ஆயர் சொன்னதே சரி என்று அன்றைக்கு ஒப்புக்கொண்டேன், இன்றைக்கும் அதையே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பையனிடம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைக்க முடியுமா?

அன்று இரவு அவனோடு வீடியோவில் உட்கார்ந்து பந்தியின் சரித்திரம் முழுவதையும் வாசித்தேன். இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவும் பகுதி வந்ததும் அவன் நிறுத்தினான். பக்கத்துக் கட்டிலில் இருந்த வங்காளதேசத்துக்காரருக்குக் காய்ச்சல் என்று அழைத்துப் போய்விட்டார்களாம். அவர் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் கழுத்துக் கயிற்றில் மாட்டியிருந்தான். திரையில் அந்தச் சாவியைக் காட்டினான். அதற்குமேல் நான் எந்தப் பிரசங்கமும் செய்யவில்லை. நாங்கள் ஊரில் இருந்து அவனுக்கு அனுப்பிய வார்த்தை அவனைப் பக்கத்துக் கட்டிலுக்கு அனுப்பியிருந்தது. பந்தியை நாங்கள் அவனுக்குக் கொடுக்க முடியவில்லை. அடுத்து லீவில் வந்தபோது பீடத்தின் முன் முழங்காலிட்டு வாங்கினான். மூத்தவர் அவன் பக்கத்தில்தான் முழங்காலிட்டிருந்தார்.

ஜெர்மனியில் லுத்தரன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் ஃபின்கன்வால்டேயில் நடத்திய இறையியல் கல்லூரியை 1937இல் நாஜிப் போலீஸ் மூடியது. கூடி வாழ்வதைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் வெளிவந்தது 1939இல், அதாவது அந்தக் கூட்டு வாழ்க்கை கலைக்கப்பட்ட பிறகு. சிதறிப்போன மாணவர்களுக்கு அவர் சுற்றுக் கடிதங்கள் அனுப்பிக்கொண்டிருந்தார். சக விசுவாசியின் முகத்தைக் காண்பது உரிமை இல்லை, கிருபை என்று எடுத்த எடுப்பிலேயே அவர் வாதாடுவதை, விடுதி அறையில் இருந்தவர்களுக்காக நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஞாயிறுதோறும் தோள் உரசி உட்காருகிறவர்களுக்கு அந்த வரிகள் உறைப்பது கஷ்டம்.

திரை சிலருக்குச் செய்யும் நன்மையையும் மறைக்கக் கூடாது. எங்கள் கூடுகையில் வாயே திறக்காத ஒரு பெண் பிள்ளை. யோபுவைப் பற்றிக் குழுவில் பேச்சு வந்தபோது அவள் எழுதியதை வாசித்து நான் அசந்துபோனேன். யோபுவின் மனைவியை ஏன் எல்லாரும் திட்டுகிறோம், பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் அவளும்தானே என்று கேட்டிருந்தாள். பத்து ஆண்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் அவளால் அதைச் சொல்லியிருக்க முடியாது. அவள் அம்மா, 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்துப் பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்ததே, அப்போது கற்றுக்கொண்டவர். பொம்பளைக்கு எதுக்குச் சைக்கிள் என்று அன்று கேட்டார்கள். மகளுக்கு எதுக்குப் போன் என்று அண்ணன் இன்று கேட்கிறான். நான் போய்ப் பேசினேன், என் மனைவியையும் கூட்டிக்கொண்டு. பெண் பிள்ளைகளோடு நான் தனியாகச் செய்தி பரிமாறுவதில்லை. என் மனைவி இல்லாத உரையாடல் கிடையாது. இது வீட்டாருக்கும் தெரியும். இளைஞரிடையே ஊழியம் செய்கிற எவருக்கும் இந்த ஒழுங்கு அத்தியாவசியம் என்பது என் உறுதியான எண்ணம். அதுபோலவே ஜெபக்குறிப்பும். ஒருவன் தன் கடனைப் பற்றியோ அப்பாவின் குடியைப் பற்றியோ எழுதினால் அது பொழுது சாயும் முன் ஊர்ச் செய்தியாகிவிடுகிறது. அப்படிப்பட்டதைக் குழுவில் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். உள்ளூரில் இருப்பவனைத் தேடி இரண்டு பேர் போவார்கள்.

எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது இன்னொன்று. 2022 டிசம்பரில் இதே மாவட்டத்தில் வேங்கைவயலில், தலித் மக்களுக்குத் தண்ணீர் கொடுத்த மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது தெரியவந்தது. விசாரிக்கப் போன ஆட்சியர் கவிதா ராமுவும் எஸ்.பி.யும் பக்கத்து இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்ததையும் கண்டார்கள். எங்கள் குழுவில் கண்டனம் பொங்கியது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே மாதிரி எழுதினார்கள். காலனியைச் சேர்ந்த ஒரு தம்பி மட்டும் நிதானமாக ஒரு வரி போட்டான்: “நம்ம வாலிபர் கூடுகை ஏன் எங்க தெருவுல ஒரு தடவகூட நடக்கல?” யாரும் பதில் போடவில்லை. குழு அப்படியே அமைதியானது.

அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமில் இருந்து ஆட்கள் வந்ததும் பந்தியில் இருந்து விலகிக்கொண்டார். கடிதங்களின் மன்னரான பவுல் அந்த விஷயத்துக்கு மட்டும் கடிதம் எழுதவில்லை, பேதுருவின் முகத்துக்கு எதிரே நின்று கண்டித்தார் என்பது கலாத்தியர் நிருபத்தில் இருக்கிறது. திரையில் சாதிக்கு வேலை இல்லை. அங்கே யாரும் யார் வீட்டுத் தண்ணீரையும் குடிக்க வேண்டியதில்லை. அதனால்தான் அங்கே ஒற்றுமை இவ்வளவு சுலபமாக வருகிறது. வீடு வீடாகக் கூடுகை, கூடுகை முடிந்ததும் அந்த வீட்டில் சாப்பாடு என்று அறிவித்தேன். காலனியில் அந்தத் தம்பி வீட்டில்தான் முதலில். அவன் அம்மா கோழிக் குழம்பு வைத்திருந்தார். இலை பத்தாமல் தட்டு வாங்கி வந்தார்கள். வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள். வராதவர்களும் உண்டு. அவர்களில் ஒருவன் ஆலயத்துக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவன். அன்று இரவு நான் அனுப்பிய வேதவசனத்துக்கு முதல் ‘ஆமென்’ அவனுடையது.

இப்போது சபைச் சங்கத்தில் பதிவேடு திருத்தும் வேலை நடக்கிறது. வருஷக்கணக்கில் ஆராதனைக்கு வராதவர்களின் பெயர்களை எடுத்துவிடலாம் என்று மூத்தவர் சொல்கிறார். கத்தாரில் இருப்பவன் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அவன் பெயர் இருக்க வேண்டும் என்று நான் வாதாடிக்கொண்டிருக்கிறேன். அவன் ஒவ்வொரு லீவிலும் வீட்டுக்குப் போகும் முன் ஆலயத்துக்கு வருகிறவன். அங்கே காய்ச்சலில் கிடந்த ஊர்க்காரனை இன்னொரு கேம்ப்வரை தேடிப் போய்ப் பார்த்தவன். மூத்தவர் இன்னும் இணங்கவில்லை, ஆனால் காது கொடுத்துக் கேட்கிறார். மூன்று வீடு தள்ளி இருப்பவன் பெயரைப் பற்றி யாரும் ஒரு கேள்வியும் எழுப்பவில்லை. அடுத்த கூட்டத்தில் இரண்டு பெயர்களைப் பற்றியும் சேர்த்தே பேசப்போகிறேன். அதற்கு முன்னால், இந்த வாரமே, மூன்று வீடு தள்ளி இருப்பவன் கதவைத் தட்டிப் பேச வேண்டும்.