மறுக்கத் தெரியாத தொட்டி

வீவக புளோக்கில் குடியிருக்கும் யாரிடமாவது நீலத் தொட்டியைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்குள் இந்த வாக்கியம் வந்துவிடும்: "அட, எல்லாம் கடைசில ஒரே லாரியிலதானே போவுது!"

அது உண்மையில்லை. மறுபயனீட்டுப் பொருள்களுக்குத் தனி லாரி உண்டு. அது பிரிப்பு நிலையத்துக்குப் போகிறது. குப்பை லாரி எரியாலைக்குப் போகிறது. ஆனால் அந்த வாக்கியம் முழுப் பொய்யும் இல்லை. நீலத் தொட்டிகளில் விழுவதில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை மறுபயனீடு செய்ய முடியாது என்று தேசிய சுற்றுப்புற வாரியமே சொல்கிறது. பாதி குடித்த பபிள் டீ, கறிக்குழம்பு ஒட்டிய தப்பாவ் பெட்டி, பழைய காலணி, தலையணை, டிஷ்யூ. காகிதம், கண்ணாடி, பிளாஸ்டிக், உலோகம் எல்லாம் ஒரே தொட்டிக்குள் போவதால், ஒருவர் விட்டெறிந்த அரைக் கப் டீ இன்னொருவர் ஒரு வாரமாகச் சேர்த்துவைத்த காகிதக் கட்டை நனைத்துவிடும். கெட்டுப்போனது கடைசியில் எரியாலைக்குத்தான் போகும்.

வீட்டு மறுபயனீட்டு விகிதம் 2018ல் 22 விழுக்காடாக இருந்தது. 2024ல் 11. உலகச் சந்தையில் பழைய காகிதத்தின் விலை, கப்பல் கட்டணம் என்று இந்தச் சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. பழி முழுவதையும் அடுக்குமாடிவாசிகள் தலையில் கட்டுவது நியாயமில்லை. எனக்கு இங்கே எண்களைவிட அவற்றுக்கு அடியில் கிடக்கும் கேள்விதான் முக்கியம். நான் கழுவிப் போட்ட போத்தலை முகம் தெரியாத ஒருவர் வீணாக்கிவிட முடியும் என்றால், நான் ஏன் கழுவ வேண்டும்? பலன் உறுதியில்லாத நல்ல காரியம் நல்ல காரியம்தானா?

வழக்கமாகக் கிடைக்கும் பதில் 'விழிப்புணர்வு போதாது' என்பது. எனக்கு அதில் சந்தேகம் இருக்கிறது. எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று தொட்டியின் மேலேயே படம் போட்டிருக்கிறது. 2023ல் வீட்டுக்கு ஒரு 'புளூபாக்ஸ்' இலவசமாகவே கொடுத்தார்கள். செமாக்காவ் தீவின் குப்பை நிரப்பிடம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். தெரியாமல் செய்கிறவர்களும் இருப்பார்கள். ஆனால் தலையணையை நீலத் தொட்டிக்குள் திணிப்பவருக்கு அது போத்தல் இல்லை என்று தெரியாதா என்ன?

பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் கைஜீஸின் மோதிரம் பற்றி ஒரு கதை வருகிறது. அணிந்தவரை யார் கண்ணுக்கும் தெரியாமல் மறைத்துவிடும் மோதிரம். அது கையில் இருந்தால் எவனாவது நேர்மையாக இருப்பானா என்று கிளௌக்கோன் கேட்கிறான். பழைய வீவக வீடுகளில் அந்த மோதிரம் அடுப்படிச் சுவரிலேயே பதிக்கப்பட்டிருக்கிறது. குப்பைக் குழாயின் மூடியைத் திறந்து போட்டால் தீர்ந்தது. யார் போட்டது என்று கீழே இருப்பவருக்குத் தெரியப்போவதில்லை. புளோக்குக்குக் கீழே நிற்கும் நீலத் தொட்டியும் அதேபோல்தான். நூறு வீட்டுக்குப் பொதுவான தொட்டியில் ஒரு பொருளுக்கும் ஒரு வீட்டுக்கும் எந்தத் தொடர்பும் மிஞ்சுவதில்லை.

அப்படியானால் கேமரா வைத்துவிடலாமா? சிங்கப்பூர்க்காரர்களுக்கு முதலில் தோன்றும் யோசனை அதுவாகத்தான் இருக்கும். ஆனால் சிக்கல் கண்காணிப்பு இல்லாததில் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். அதைப் புரிந்துகொள்ள கராங்குனி அங்கிளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஹாரனை அமுக்கிக்கொண்டு புளோக் புளோக்காக வருவார். பழைய பேப்பரைத் தூக்கிப் பார்ப்பார், எடை போடுவார், சில்லறை தருவார். ஈரப் பேப்பரைக் கொடுத்தால் "இது வேண்டாம்" என்று திருப்பித் தள்ளிவிடுவார். என் பார்வையில் எல்லாவற்றுக்கும் உயிர்நாடி அந்த 'வேண்டாம்'தான். கொடுப்பவர் எதைக் கொடுக்கிறோம் என்று யோசிப்பதே, வாங்குபவருக்கு மறுக்கும் உரிமை இருப்பதால்தான். கல்யாண வீட்டில் மொய் வைக்கும்போது கிழிந்த நோட்டை யாரும் வைப்பதில்லை. கோயில் உண்டியலில் அது விழும். உண்டியல் மறுக்காது.

நீலத் தொட்டியும் மறுக்காது. எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும். மறுக்கத் தெரியாத ஒன்றிடம் கொடுப்பது கொடுப்பதே ஆகாது, அது கழித்துக்கட்டுவது. குப்பைக் குழாயில் போட்டால் மனசு உறுத்தும், நீலத் தொட்டியில் போட்டால் உறுத்தாது என்கிற ஒரே வித்தியாசத்துக்காக அதைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு அது மனசாட்சியின் குப்பைக் குழாய்.

தேசிய மறுபயனீட்டுத் திட்டம் 2001ல் தொடங்கியபோது வீடுகளுக்குப் பை கொடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாசலிலேயே வந்து எடுத்துக்கொண்டார்கள். பிறகு பொதுத் தொட்டி வந்தது. 2014ல் வீவக புளோக் ஒவ்வொன்றுக்கும் ஒரு நீலத் தொட்டி. வசதி கூடியது, வாசலுக்கு வந்த ஆள் காணாமல் போனார். தைவானில் வேறு மாதிரி யோசித்தார்கள். பீத்தோவனின் மெட்டை இசைத்துக்கொண்டு குப்பை லாரி தெருவுக்கு வரும். சனங்கள் பையோடு காத்திருந்து தங்கள் கையாலேயே போடுவார்கள். மறுபயனீட்டு லாரி கூடவே வரும். அதில் நிற்கும் ஊழியர் தப்பான பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். பக்கத்து வீட்டுக்காரரும் பார்த்துக்கொண்டுதான் நிற்பார். பொதுச் சொத்து எங்கெல்லாம் அழியாமல் நிலைக்கிறது என்று ஆராய்ந்து 2009ல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரோம் காட்டியதும் ஏறக்குறைய இதுதான்: பயன்படுத்துகிறவர்கள் ஒருவர் செய்வதை ஒருவர் பார்க்க முடிய வேண்டும், மீறினால் சிறிய அளவிலாவது பின்விளைவு இருக்க வேண்டும்.

கராங்குனி காலம் பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. வெயிலில் அட்டைப்பெட்டி தள்ளிக்கொண்டு போகும் முதியவர்களைப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்ல மனம் வராது. வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறவரிடம் லாரிக்காகக் காத்து நில் என்பதும் எளிதில்லை. பல வீடுகளில் போத்தலைக் கழுவுவதும் கீழே கொண்டுபோவதும் பணிப்பெண்ணின் வேலை. கடமை எனதாகவும் உழைப்பு அவருடையதாகவும் இருக்கிறது. பானப் போத்தலுக்கும் டின்னுக்கும் 10 காசு முன்பணம் வாங்கி, திருப்பிக் கொடுத்தால் அதைத் தருகிற திட்டம் 2026 ஏப்ரலில் தொடங்குவதாக அறிவித்தார்கள். 'நல்ல காரியத்துக்குக் காசா?' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கராங்குனி அங்கிளும் காசுதான் கொடுத்தார், அதனால் யாரும் கெட்டுப்போகவில்லை. செல்லாத டின்னை அந்த இயந்திரம் துப்பிவிடும். அந்த அளவுக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் ஒரு வாங்குபவர் திரும்பி வருகிறார். முகம்தான் இல்லை.

இனி முதல் கேள்விக்கு வருவோம். உறுதியில்லாத பலனுக்காக ஏன் கழுவ வேண்டும்?

பூமியைக் காப்பாற்ற என்று சொன்னால் கணக்குப் போட்டுத் தோற்கடித்துவிடலாம். என் ஒரு போத்தலால் செமாக்காவின் ஆயுள் ஒரு நொடிகூடக் கூடாது. ஆனால் நீலத் தொட்டிக்கு அந்தப் பக்கம் யாருமே இல்லை என்பது நம் புளோக்கின் அடியில் நின்று பார்க்கும்போது தெரியும் தோற்றம்தான். பிரிப்பு நிலையத்தில் ஓடும் பட்டையின் முன் மனிதர்கள் நிற்கிறார்கள். நம் தொட்டியில் விழுந்ததைக் கையுறை போட்ட கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரிக்கிறார்கள். புழு வைத்த சோற்றுப் பொட்டலம் முதலில் அவர்களிடம்தான் போய்ச் சேர்கிறது. "வேண்டாம்" என்று அவர்களும் சொல்வார்கள், நம் காதில் விழாத தூரத்தில்.

அப்படிப் பார்த்தால் போத்தலைக் கழுவுவது சுற்றுச்சூழல் சேவையாவதற்கு முன்பே ஒரு மரியாதை. அடுத்து அதைத் தொடப்போகிற கைக்குக் காட்டும் மரியாதை. பக்கத்து வீட்டுக்காரர் அதன்மேல் மீன் குழம்பையே ஊற்றினாலும் நான் காட்டிய மரியாதை பொய்யாகிவிடாது. அது வீண் போனது என்று வேண்டுமானால் சொல்லலாம், தப்பு என்று சொல்ல முடியாது.

ஆனால் தனிமனித மரியாதையை வைத்தே ஒரு நகரம் தன் குப்பையைப் பிரித்துவிட முடியாது. "மக்கள் திருந்தணும்" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எதையும் மறுக்காத தொட்டியை வைத்துவிட்டு, அதில் எல்லாம் விழுகிறதே என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை. வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒருவரை மறுபடியும் நம் வாசலுக்கு அருகில் கொண்டுவருவது எப்படி என்பதுதான் திட்டம் போடுபவர்கள் முன்னால் இருக்கும் வேலை. அதுவரைக்கும் அந்த 'வேண்டாம்' நம் சமையலறைத் தொட்டிக் குழாயடியில், நாமே நமக்குச் சொல்லிக்கொள்ள வேண்டிய சொல்.