கணக்கு பார்ப்பது பேராசையா?



"எப்பப் பாரு காசு, கணக்குன்னே இருக்கியே, இது பற்று இல்லையா?" நம்மில் பலர் கேட்டிருக்கும் கேள்வி இது. பற்றை விடச் சொல்லும் சமயம் நம்முடையது. அப்படியென்றால் ஒவ்வொரு வெள்ளியையும் எழுதி வைப்பது தப்பா?

அறம், பொருள், இன்பம், வீடு என்று வாழ்க்கையின் பயனை நான்காகச் சொன்னார்கள் நம் முன்னோர். பொருளை அவர்கள் ஒதுக்கவில்லை, அறத்துக்கு அடுத்து வைத்தார்கள். திருக்குறளின் 133 அதிகாரங்களில் 70 பொருட்பாலில்தான் இருக்கின்றன.

ஜோகூரில் இருக்கும் நமக்கு இதில் ஒரு சோதனை உண்டு. பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை செய்யும் நண்பனின் ஒரு டாலர் நமக்கு மூன்று வெள்ளிக்கு மேல். அவன் கையில் புது போனைப் பார்த்தால் நமக்கும் ஆசை வரும். 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்று செயலியும் கூப்பிடும். பி.டி.பி.டி.என். காசு வந்த வாரம் நாமும் பணக்காரர்தான்! ஆனால் அது திருப்பிக் கட்ட வேண்டிய கடன். மொத்தம் எவ்வளவு கட்டணும் என்று தெரியாதபோதுதான் தூக்கம் கெடுகிறது.

கையில் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் பயந்தே வாழணுமா? 1950களில் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது நம் மக்கள் பலர் வேலையும் வீடும் இழந்தார்கள். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் மரம் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார்கள். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அந்தப் பத்து வெள்ளியை எண்ணி எடுத்து வைத்ததைப் பேராசை என்று யார் சொல்வார்?

கணக்கு தெரிந்தவனுக்குக் கொடுப்பதும் சுலபம். "மச்சான், அவசரமா அம்பது வெள்ளி வேணும்" என்று நண்பன் கேட்டால், "இருக்கு, எடுத்துக்கோ" என்றோ, "இருபதுதான் முடியும்டா" என்றோ நேராகச் சொல்லலாம். கணக்கு தெரியாதவன் வாடகைக் காசைக் கொடுத்துவிட்டுத் தவிப்பான், இல்லையென்றால் போனையே எடுக்க மாட்டான். இரண்டுமே தர்மம் ஆகாது.

காசு வந்த அன்றே மூன்று வரி எழுதுங்கள்: சாப்பாடும் வாடகையும், கட்ட வேண்டிய கடன், சேமிப்பும் உதவியும். மிச்சத்தை நிம்மதியாகச் செலவு பண்ணுங்கள். கடன் ஏற்கெனவே கழுத்தை நெரித்தால் ஏ.கே.பி.கே.யில் ஆலோசனை இலவசம். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.